கப்பலிறங்கிய பின் காடேகும் யாத்திரை: ஒரு சாஸ்திர விசாரணை

உல்லாசக் கப்பலில் உண்டும் உறங்கியும் கொழுத்த சரீரத்தைக் கரையில் இறக்கி, அதனை உடனே மலைமேல் ஏற்றி வருத்துவதற்குரிய ஏற்பாடுகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் கலையானது, அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாக எண்ணப்படாமற் போனதும், அதனைக் குறித்துத் தமிழில் முறையானதொரு நூல் எழாமற் போனதும் நமது பண்டிதர்களின் அசிரத்தையே அன்றி வேறில்லை. அக்குறையை ஒருவாறு நிவர்த்திக்கும் பொருட்டு ஹட்டன், நுவரெலியாப் பிரதேசங்களை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது இவ்விசாரணை.

முதலாவது ஆராயத்தக்கது காலம். கொழும்புத் துறைமுகத்தில் காலையிற் கட்டி மாலையில் அவிழும் கப்பலின் பிரயாணி, மலைநாட்டு ரயிலை நம்பி ஹட்டன் வரையிலேனும் போய்த் திரும்பிவிடலாமென்று எண்ணுவது, கப்பலின் கடிகாரமும் ரயிலின் கடிகாரமும் ஒரே சூரியனை வழிபடுவன என்னும் மயக்கத்தால் விளைவதாகும். ஹோர்ட்டன் சமவெளியில், ஏறத்தாழ 880 மீற்றர் ஆழத்துக்குச் சரியும் ‘உலக முடிவு’ முற்பகல் முதிருமுன்பே மூடுபனியுள் மறைந்துவிடும். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையில் சூரியோதயம் காண விரும்புவோர் நல்லதண்ணியிலிருந்து நடுநிசியிலேயே படியேறத் தொடங்க வேண்டும். கண்டிக்கருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதையோ 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டு, 22 பகுதிகளாக நீள்வது. ஆகவே, கப்பலை அறவே துறத்தல் இக்கலையின் முதற் சூத்திரம்.

இரண்டாவது அட்டை. இதன் நிவாரணம் குறித்து மூன்று மதங்கள் உள. இறுகக் கட்டிய காலுறையே போதுமென்பது பிறதேசத்தார் மதம்; அட்டை அக்காலுறையையே ஏணியாகக் கொண்டு ஏறி இடுப்பைத் தேர்ந்துகொள்ளும்போது அச்சித்தாந்தம் தளரும். உப்புப் பொட்டலத்தைக் குச்சியிற் கட்டி ஒற்றுவது வழிகாட்டிகளின் மதம். மழை வலுக்க, அதுவும் கரைந்துபோம். மூன்றாவதான தோட்டத்து மதத்தினராகிய கொழுந்து பறிக்கும் பெண்களோ வாதம் செய்வதில்லை. காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பிற் படங்கும் முதுகிற் கூடையுமாகப் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்விடும் அப்பெண்கள், அதையும் மீறி ஏறிய அட்டையைப் பார்க்காமலே கையால் வழித்தெறிந்துவிட்டு, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் கூலிதான், விழும் என்ற விசாரத்தோடு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவர்.

மூன்றாவது, இக்கலையின் ஆதிகர்த்தா யார் என்னும் வினா. 1840களின் பிற்பாதியில் நுவரெலியாவிற் குடியேறி வேட்டையாடியவரும், ஹோர்ட்டன் சமவெளியின் நீர்வீழ்ச்சியொன்றுக்குத் தம் பெயரை ஈந்தவருமான சாமுவேல் பேக்கரைச் சிலர் சுட்டக்கூடும். அது பொருந்தாது. அவருக்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களை நோக்கிச் சோழ பாண்டிய நாடுகளின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்ட நம்மவர், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, யானையும் கரடியும் சிறுத்தையும் உலவிய வனாந்தரத்தினூடே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் கால்நடையாகவே சென்று, அதன் பின்னரே மலையேறினர். கடல், காடு, மலை ஆகிய மூன்று அங்கங்களும் குறைவற அமைந்த இதனினும் பூரணமானதொரு யாத்திரையை இக்காலத்துப் பிரயாண முகவர் எவரும் வகுத்தாரில்லை. ஏற்பாட்டாளர் கங்காணி, உபகரணம் ஒரு கம்பளி, வாந்திபேதி கண்டவர்களுக்கு யாத்திரை பாதையோரத்திலேயே பூர்த்தியாயிற்று.

கட்டண விஷயத்திலும் அக்காலத்து முறை நூதனமானது. இன்றைய யாத்திரிகர் புறப்படுமுன் பணம் கட்டுகிறார். அவர்களோ போய்ச் சேர்ந்த பின் ஆயுள் முழுவதும் கட்டினர். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கங்காணியின் கணக்கிற் கடனாக ஏறின. அக்கடனைத் தீர்ப்பவரிடமே ஆளை விடுவதாக எழுதப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டு, 1921இல் சட்டத்தால் ஒழியும்வரை, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது.

திரும்பிச் செல்லும் சீட்டோ அவர்தம் சந்ததியாருக்குக் கேளாமலே கிடைத்தது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபர் 30ஆந் தேதி செய்துகொண்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு யோசிக்கலாமென்று ஒதுக்கி வைத்தது. தோட்டத்து லயத்திற் பிறந்து லயத்தில் வளர்ந்து, எந்த ஊருக்குத் திரும்ப வேண்டுமோ அந்த ஊரிலிருந்து ஒருநாளும் புறப்பட்டறியாத பல்லாயிரவர், மலையிறங்கி ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறினர். மலை முன்னும் கப்பல் பின்னுமாகச் சாஸ்திரக் கிரமமே தலைகீழாயிற்று.

இவற்றால் பெறப்படும் சித்தாந்தமாவது: பாதை, பாரம், மழை, அட்டை ஆகியன யாத்திரிகர், தோட்டத்தார் என்னும் இருசாராருக்கும் ஒன்றே; ஒருசாராரின் நடை சாகசமெனவும் மற்றவருடையது பிழைப்பெனவும் பெயர் பெற்றது, ‘போதும், திரும்பிவிடுவோம்’ என்று சொல்லும் அதிகாரம் யார் கையிலிருந்தது என்பதைப் பொறுத்தே. யாத்திரைக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுவோர் இவ்வதிகாரத்தை அதன் தலைப்பில் எழுதிக்கொள்வாராக. ஏனைய யாவும் ஹட்டன் பஜாரிற் கிடைக்கும்.