அட்டைக்குள் ஓர் உலகம்

கேள்வி: மெய்நிகர் உலகைப் பார்க்க ஆசை. ஹெட்செட் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறதே?

பதில்: மாட்டிய பிறகு சுற்றட்டும்! 2014-இல் கூகுள் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு போதும். மடித்த அட்டை, இரண்டு லென்ஸ், உங்கள் செல்போன், அவ்வளவுதான். திரை இரண்டாகப் பிரிந்து கண்ணுக்கொரு படம் காட்டும். தலையைத் திருப்பினால் போனிலுள்ள கைரோஸ்கோப் காட்சியையும் திருப்பும். எழுந்து நடந்தால் மட்டும் காட்சி அதற்கேற்ப மாறாது. அது இதன் குறை. 2019-இல் மென்பொருளைத் திறமூலமாக்கினார்கள். 2021-இல் கூகுள் அட்டை விற்பதை நிறுத்தியும், அந்த நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சொந்தமாக உலகம் படைக்க பிளெண்டர், கோடோ என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். முதலில் உங்கள் வீட்டுக் கூடத்தைச் செய்து பாருங்கள்.