மொய் நோட்டில் ஒரு டிகிரி

(பேராவூரணி. ஆடி மாத மொய் விருந்துப் பந்தல். கூட்டுறவு வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மாமா மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நோட்டு எண்ணும் மெஷின். எம்.ஏ. மானுடவியல் சேரத் துடிக்கும் அக்கா மகள், எடுபிடியாக வந்தவள், எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் துறைக்காரர்களுக்கு அதுதான் வேலை என்கிறார்கள்.)

மாமா: சுத்தி வளைக்காம சொல்லு பாப்பா. அந்தப் படிப்புல போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்?

மருமகள்: மனுஷனைப் படிக்கிற படிப்பு மாமா. அதுல போய்க் காசா?

மாமா: மனுஷனைத்தான் முப்பது வருஷமா கடன் கவுண்டர்ல படிச்சேன். அதுக்குச் சம்பளமும் குடுத்தாங்க. உனக்கு யாரு குடுப்பா?

மருமகள்: இந்திய மானுடவியல் ஆய்வகம் இருக்கு. 1945-ல ஆரம்பிச்சது. தலைமை ஆபீஸ் கொல்கத்தா, தென்னிந்தியாவுக்கு மைசூர்.

மாமா: ஆள் எடுக்குறாங்களா?

மருமகள்: எப்பவாவது எடுப்பாங்க.

மாமா: எப்பவாவதுன்னா நம்ம ஊருக்கு ரயில் வந்த மாதிரியா?

மருமகள்: ஐஏஎஸ் பரிட்சையில விருப்பப் பாடமா எடுக்கலாம் மாமா. ரெண்டு பேப்பர், 500 மார்க்.

மாமா: (நிமிர்ந்து உட்காருகிறார்) கலெக்டரா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

மருமகள்: ஆனா அதுக்கு இந்த டிகிரியே வேணாம். இன்ஜினியரிங் முடிச்சவங்க நிறைய பேரு கோச்சிங் போயி இதைப் படிச்சு எழுதுறாங்க.

மாமா: ஓஹோ. அவன் அங்க படிச்சிட்டு உன் பாடத்துல கலெக்டர் ஆவான். நீ உன் பாடத்தைப் படிச்சிட்டு அவன்கிட்ட மனு குடுப்ப. அமெரிக்காவுலயே வேணாங்குறான். ஃப்ளோரிடா கவர்னரா இருந்த ரிக் ஸ்காட், 2011-ல, எங்க மாநிலத்துக்கு மானுடவியல் படிச்சவங்க இதுக்கு மேல தேவையில்லேன்னு பேசியிருக்கான். வாட்ஸப்புல வந்துச்சு.

மருமகள்: அவரோட சொந்த மகளே மானுடவியல் டிகிரிதான். அது வரலியா வாட்ஸப்புல?

மாமா: அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கான். பீஸ் கட்டுனவனுக்குத்தானே வலி தெரியும்.

மருமகள்: ஒபாமாவோட அம்மா தெரியுமா? ஆன் டன்ஹம். இந்தோனேசியாவுல கிராமத்துக் கொல்லர்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 1992-ல டாக்டர் பட்டம் வாங்குனாங்க. அங்க ஒரு வங்கியோட சிறுகடன் திட்டத்துக்கு ஆலோசகராவும் இருந்தாங்க.

மாமா: (வங்கி என்றதும் மரியாதை வருகிறது) நல்ல பொம்பளை. மகனும் இதைத்தான் படிச்சானா?

மருமகள்: இல்ல. சட்டம்.

மாமா: பாத்தியா! பெத்த தாயி படுற பாட்டைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கான்.

(ஒருவர் வந்து கட்டு நோட்டை வைக்கிறார். மெஷின் படபடக்கிறது. மாமா ஊர், பேர் எழுதுகிறார். பழைய மொய் போக மேலே எவ்வளவு என்று தனியாகக் குறிக்கிறார். மருமகளும் தன் நோட்டில் அதையே குறிக்கிறாள்.)

மருமகள்: இன்னொருத்தர் சொல்றேன். ஜிலியன் டெட். தஜிகிஸ்தான்ல ஒரு மலைக் கிராமத்துக்குப் போயி அங்க உள்ள கல்யாணச் சடங்கை ஆராய்ச்சி பண்ணாங்க. அப்புறம் லண்டன்ல ஃபைனான்ஷியல் டைம்ஸ் பேப்பர்ல வேலை. 2008-ல வங்கியெல்லாம் கவுந்துச்சே, அதுக்கு முன்னாடியே, இந்தக் கடன் பத்திர வியாபாரம் சரியில்லேன்னு எழுதுனாங்க. கணக்குல புலியெல்லாம் கோட்டை விட்ட இடம் மாமா!

மாமா: கல்யாணத்தை உத்துப் பாத்தவங்களுக்குக் கடன் புரியாம இருக்குமா? அது சரி, இப்படி எத்தனை பேரு?

மருமகள்: ...

மாமா: லாட்டரிக் கடையில பரிசு விழுந்தவன் போட்டோவைத்தான் ஒட்டி வைப்பான். விழாதவன் போட்டோவுக்குச் செவுரு பத்தாது.

மருமகள்: சரி, நம்ம அத்தான் மெக்கானிக்கல் முடிச்சாரே, அந்தக் காசு திரும்பிருச்சா?

மாமா: (மெஷினைத் துடைக்கிறார்) அவன் சென்னையில ஒரு கம்பெனியில இருக்கான்.

மருமகள்: கிரெடிட் கார்டு வேணுமான்னு எனக்கே போன் பண்ணாரு மாமா. குரலை வச்சு நான்தான் கண்டுபிடிச்சேன்.

மாமா: அது கௌரவம் பாப்பா. ஊருல அத்தனை பேரும் இன்ஜினியரிங் சேத்தான். நான் மட்டும் சேக்காம இருந்தா நாளைக்கு எந்த மூஞ்சியோட பந்தியில உக்காருறது?

மருமகள்: அப்ப அது முதலீடே இல்ல. ஊர் பாக்க வைக்கிற மொய்.

மாமா: மொய்யா இருந்தாத் திரும்பி வந்திருக்குமே!

(முதல்முறையாக இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கிறார்கள்.)

மருமகள்: மார்செல் மோஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1925-ல இதைத்தான் புத்தகமா எழுதுனாரு. அன்பளிப்புன்னு சும்மா எதுவும் கிடையாது, வாங்குனவன் திருப்பிக் குடுத்தே ஆகணும்னு.

மாமா: பேராவூரணிக்கு வந்திருந்தா ரெண்டே பக்கத்துல முடிச்சிருப்பாரு. (புதுப் பக்கம் திருப்புகிறார்) சரி, முத வருஷப் பீஸ் எவ்வளவு?

மருமகள்: நீங்களா கட்டப் போறீங்க?

மாமா: உன் பேருல வரவு வைக்கிறேன். திருப்பி வைக்கிறப்ப மேல சேத்து வைக்கணும்.

மருமகள்: வேலை கிடைக்கலேன்னா?

மாமா: தாய்மாமன் சீருல கழிச்சுக்குவேன்.