மொட்டைமாடித் தேற்றம்: மதுரை வீடுகளில் ஆன்டெனாப் பொருத்தம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

கேபிள் டிவி வருவதற்கு முன் மதுரையில் திசைகள் ஐந்து. ஐந்தாவது, கொடைக்கானல். மேற்கே திரும்பி வடக்கே கொஞ்சம் சாய்ந்தால் அது கிடைக்கும். நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். செல்லூர் முதல் பழங்காநத்தம் வரை மொட்டைமாடிதோறும் நின்ற அலுமினிய மீன்முள்கள் அங்கிருந்த தூரதர்ஷன் கோபுரத்தைத்தான் நோக்கித் தவமிருந்தன. இந்த மீன்முள் ஆன்டெனாவை ஜப்பானியர்களான உடாவும் யாகியும் 1926-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர் யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் கொள்கை

ஆன்டெனாவை வயரோடு பொருத்தும் சிக்கலைப் பொறியாளர்கள் ஓம் கணக்கில் பார்த்தார்கள். மீன்முள்ளின் நடுவிலுள்ள மடக்குக் கம்பி சுமார் 300 ஓம். தட்டையான ரிப்பன் வயரும் 300 ஓம், சண்டையில்லை. உருண்டைக் கேபிளோ 75 ஓம். இரண்டையும் அப்படியே முறுக்கி டேப் சுற்றினால், வந்த சிக்னலில் நூற்றுக்கு 36 பங்கு உள்ளே நுழையாமல் திரும்பிப் போய்விடும். இதைத் தடுக்க நடுவே ‘பலுன்’ என்ற குட்டி டிரான்ஸ்பார்மரை வைப்பார்கள். கொள்கை சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கும் நேரத்தில் திரையில் கொசு பறப்பது ஏன் என்பதற்கு இதில் விடையில்லை.

3. கள ஆய்வு

பொருத்தச் சுற்றில் உறுப்புகள் மூன்று: மாடியில் பையன், படிக்கட்டில் அக்கா, டிவி முன்னால் அப்பா.

“லேசா இங்கிட்டுத் திருப்புடா!”
“அப்பா இங்கிட்டுத் திருப்பச் சொல்றாரு!”
“எங்கிட்டுக்கா?”

அப்பா “நில்லு!” என்றதும் அக்கா அதை அஞ்சல் செய்வார். அது மேலே போய்ச் சேர்வதற்குள் பையன் நல்ல இடத்தைத் தாண்டியிருப்பான். திரும்பி வருவான், மறுபடியும் தாண்டுவான். பின்னூட்டம் தாமதமானால் எந்த இயந்திரமும் இப்படித்தான் ஊசலாடும் என்பது கட்டுப்பாட்டுப் பொறியியலின் பாலபாடம். அப்பாக்கள் இதற்கு வேறு காரணம் சொல்லி வந்தார்கள். அது பையனின் மூளை சம்பந்தப்பட்டது.

4. முதன்மைக் கண்டுபிடிப்பு

பையன் பிடித்திருக்கும்வரை படம் பளிங்கு. கையை எடுத்தால் கொசு. இதில் மாயமில்லை. மனித உடல் உப்புநீர் நிறைந்த மின்கடத்தி. கம்பிக்கு அருகில் வந்தால் அதன் மின்மறுப்பும் அலை சேரும் விதமும் மாறும். ஆக, பையன் பற்றவைக்காத ஓர் உதிரிப்பாகம்.

இன்றைய செல்போன் பலகையிலும் இதே தொல்லை உண்டு. ஆன்டெனாவின் காலடியில் கடுகளவு மின்தேக்கிகளையும் சுருளையும் வைத்து 50 ஓமுக்குச் சரிசெய்கிறார்கள். மேலே பிளாஸ்டிக் மூடியைப் போட்டாலே கணக்கு நகர்ந்துவிடுகிறது. எனவே, மனிதத் தசையின் மின்குணம் கொண்ட பொம்மைக் கையில் போனைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். மதுரையில் பொம்மைக்குச் செலவு வைக்கவில்லை.

5. தேற்றம்

ஒரு வீட்டில் படம் மிகத் தெளிவாகத் தெரிவது யாரால் என்றால், அதைப் பார்க்க முடியாதவரால்.

நிரூபணம்: அவர் பார்க்கக் கீழே இறங்கினால் படம் போய்விடும்.

6. விதிவிலக்கு

செல்போனில் கோடை எஃப்.எம். கேட்போர் இத்தேற்றத்துக்கு அடங்குவதில்லை. 100.5 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 75 சென்டிமீட்டர். இயர்போன் வயரே ஆன்டெனா. வயரை நீவுகிறவரும் பாட்டுக் கேட்கிறவரும் ஒருவரே. அக்கா தேவையில்லை, தாமதமும் இல்லை. ஆயினும் இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு: பாட்டு கரகரத்தால் திட்டுவதற்கு மாடியில் ஆள் கிடையாது.