அம்பத்தூர் ஓ.டி. ஜெர்மனிக்காரர்

பிப்ரவரி பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஜெர்மனிக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கே குளிர்காலப் பருவத்து வகுப்புகள் முடிந்து, ஏப்ரலில் அடுத்தது தொடங்கும்வரை கிடைக்கிற இடைவெளி அது. பிறந்தது பட்டாபிராம், வளர்ந்தது அம்பத்தூர் ஓ.டி., படித்தது ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் என்றிருந்தாலும், ஒன்றரை வருஷம் அந்த ஊர்த் தண்ணீர் குடித்துவிட்டால் தெருவுக்கு அவர் ஜெர்மனிக்காரர்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி பதினோரு மணிக்கு, குறுக்கே ஒரு நாய்கூட வராத நேரத்தில், சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு ஸ்கூட்டியை நிறுத்திக் காலூன்றி நிற்பவர் அவர்தான். பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் முதலில் ஹாரன் அடிப்பார், பிறகு திட்டுவார், கடைசியில் வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, "காலை வெச்சுத் தள்ளட்டுமா தம்பி?" என்பார். பெட்டிக்கடையில் தண்ணீர் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை எறிய மனசு வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். அங்கே கடைக்குள் இருக்கும் எந்திரத்தின் வாயில் அதைப் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் நடந்தால் உடம்புக்கு நல்லது, முந்தின ராத்திரி அங்கே யாராவது பார்ட்டி வைத்திருந்தால் சட்டைப் பைக்கும் நல்லது என்பது அவர் கண்ட பொருளாதாரம்.

போவதற்கு முன் பட்ட பாடு தனி. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழி வகுப்பு, ஏ-ஒன், ஏ-டூ. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும், 2022 நவம்பரிலிருந்து கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். அப்புறம் அந்த முடக்கக் கணக்கு. வருஷத்துக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ அவர் கைக்கு வரும். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனை, யாரோ வெள்ளைக்காரன் மாதாமாதம் சம்பளம் போடுவதுபோல வாங்கிச் செலவழிக்கிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் சாமர்த்தியசாலி. பையனுக்குக்கூட முதல் ஆறு மாதம் தான் சம்பாதிப்பதாகத்தான் நினைப்பு.

அம்மா தெருவில் சொன்னது, "ஜெர்மனிக்காரங்களே கூப்பிட்டாங்க." 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த 49,000-க்கும் மேற்பட்ட இந்தியப் பிள்ளைகளையும் இப்படித்தான் அவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாட்டுக்குப் படிக்க வரும் வெளிநாட்டார் கணக்கில் நாம்தான் முதலிடம். இதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை.

ஊர்ப் பெயர் விஷயத்தில் தாயும் மகனும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவர் படிப்பது மக்டேபுர்க்கில். அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்றும் எரியாது. ஆகவே "பெர்லின் பக்கம்." ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தைப் 'பக்கம்' என்று சொல்லும் துணிச்சல் நம் வட்டாரத்தாருக்கு ரத்தத்திலேயே உண்டு. பூந்தமல்லிக்காரர் மதுரைக் கல்யாணத்தில் போய் "நமக்கு சென்னை" என்று சொல்லாமல் இருந்திருக்கிறாரா?

படிப்பைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். ஐரோப்பாவைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளி ராத்திரி பச்சை நிற ஃப்ளிக்ஸ் பஸ்ஸில் ஏறுவது, விடியலில் வேறு நாட்டில் இறங்குவது. பஸ்ஸில் தூங்கினால் அறை வாடகை மிச்சம். டப்பாவில் புளிசாதம், அம்மா அனுப்பிய பொடி. ப்ராக் நகரத்தில் சார்லஸ் பாலத்தின் மேல் நின்று அதைச் சாப்பிட்டிருக்கிறார். ஃபோட்டோவில் பாலம் மட்டும் இருக்கும். பாலத்தைக் கட்டிய ராஜா யார், நதி எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. எந்த ரயில் நிலையத்தில் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள், எந்த ஊரில் கேட்க மாட்டார்கள் என்று நாடுவாரியாகச் சொல்வார். இந்தத் தகவலை எந்தப் பயண நூலிலும் நான் பார்த்ததில்லை.

பாரிஸுக்கும் போனார். ஈஃபிள் கோபுரத்துக்கு அரை மணி நேரம். மிச்சப் பொழுது முழுக்க லா ஷப்பல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தமிழில் பெயர்ப்பலகை தொங்கும் ஈழத் தமிழர் கடைத்தெரு. கொத்துரொட்டி தட்டும் சத்தம் கேட்டதும் கண் கலங்கியதாகச் சொன்னார். கல்லாவில் இருந்த அண்ணன், "தம்பி இந்தியாவோ? எவடம்?" என்று கேட்டிருக்கிறார்.

"சென்னை, அண்ணா."

"சென்னையில எவடம்?"

அம்பத்தூர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் வளசரவாக்கத்தில ரெண்டு வருஷம் இருந்தனான். பூந்தமல்லி ரோட்டில மெட்ரோ வேலை முடிஞ்சுதோ?" பாரிஸ் நகரத்தின் நடுவில் இருவரும் ஒரு மணி நேரம் போரூர் ட்ராஃபிக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

பக்தியும் அங்கே போய்த்தான் முளைத்தது. ஹாம் என்ற ஊரில் ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-ல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோபுரம், தேர், எல்லாம் நம்மூர் மாதிரியே. தேர்த் திருவிழாவுக்கு ரயில் மாறி ரயில் மாறிப் போய் வடம் பிடித்து, அன்னதானத்தில் மூன்று முறை உட்கார்ந்து வந்தார். வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் இருக்கும் மாங்காடு காமாட்சியை இருபத்திரண்டு வருஷம் அவர் கண்டுகொண்டதில்லை. மாங்காட்டாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் ஒழுங்கு பற்றிய பிரசங்கம் மட்டும்தான் தாங்க முடியாது. "அங்கெல்லாம் ரயில் ஒரு நிமிஷம் பிசகாது" என்று அவர் தொடங்கியபோது தங்கச்சி கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டாள். 2024-ல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தது 62.5 சதவீதம். அதிலும் ஆறு நிமிஷத்துக்குள் தாமதமானால் அதை நேரம் என்றே கணக்கில் எழுதிக்கொள்வார்கள். "டேய் அண்ணா, போன டிசம்பர்ல ஹானோவர் பிளாட்ஃபார்ம்ல ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டது யாரு? எங்க மூர் மார்க்கெட் லோக்கல் எவ்வளவோ தேவலாம்."

ரயிலை விட்டு எந்திரத்துக்குத் தாவினார். ஜெர்மன் எஞ்சினியரிங், மைக்ரான் சுத்தம், நம்மால் முடியுமா என்றார். அப்பா ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம் அது. செய்தித்தாளை மடித்து வைக்காமலே கேட்டார்.

"அர்ஜுன் டேங்க்குல இருக்கிறது எந்த ஊர் எஞ்சின்?"

"தெரியலப்பா."

"ஜெர்மனி. எம்.டி.யூ. 1,400 குதிரைத்திறன். அதை உள்ள இறக்கி மாட்டுனது எந்த ஊர்க்காரன்?"

பையன் பேசவில்லை.

"காபி ஆறுது, குடி."

எனக்கு இவரைப் பிடிக்கும். அலட்டல் பத்து நாளில் வற்றிவிடும். பதினோராம் நாள் சிக்னலைத் தாண்டிவிடுவார், பாட்டிலை எறிந்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் குக்கர் விசில் அடித்ததற்காகப் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டியது, ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும் என்பது தெரியாமல் முதல் வாரம் பட்டினி கிடந்தது, பகுதி நேர வேலைக்கு எண்பது விண்ணப்பம் போட்டுக் கிடங்கில் பெட்டி தூக்கியது எல்லாம் அப்போதுதான் மெல்ல வெளியே வரும், அதுவும் மொட்டை மாடியில், அம்மா காதில் விழாத நேரமாகப் பார்த்து.

கிளம்புவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசி வருஷம் மெக்கானிக்கல். "தம்பி, இவனுக்கும் ஏதாச்சும் சொல்லுப்பா."

ஜெர்மனிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்கலைக்கழகம், மதிப்பெண், விசா என்று அந்தப் பையன் நோட்டுப் புத்தகத்தோடு தயாராக இருந்தான்.

"சமைக்கத் தெரியுமாடா?"

"மேகி போடுவேன் அண்ணா."

"சரி, முதல் செமஸ்டர் ஓடிடும். குக்கர் எடுத்துக்கோ. கேஸ்கெட் மட்டும் நாலு வாங்கிக்கோ. அந்த ஊர்ல எந்த மெஷினுக்கும் ஸ்பேர் கிடைக்கும், நம்ம குக்கருக்கு மட்டும் கிடைக்காது."

பையன் எழுதிக்கொண்டான்.