நான்கு மணி நேரத்தில் மூன்று தீவு

லங்காவித் தீவுச் சுற்று என்பது தாயாங் பூந்திங், சிங்கா பெசார், பெராஸ் பாசா ஆகிய மூன்று தீவுகளை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் படகில் காட்டி முடிக்கும் ஏற்பாடு. இந்த நான்கு மணி நேரத்துக்காகக் கோலாலம்பூரின் பங்சார் நண்பர் குழு ஒன்று போவதற்கு ஒரு நாள், வருவதற்கு ஒரு நாள், பேசி முடிவெடுக்கச் சில மாதங்கள் என்று செலவிடும். பயணத்துக்கென்று வாட்ஸ்அப்பில் தொடங்கப்படும் குழுவின் பெயர் பெரும்பாலும் ‘ரிலாக்ஸ் ட்ரிப்’ என்றே இருக்கும்.

பங்சார் நண்பர்கள் என்றால் பங்சாரில் குடியிருப்பவர்கள் என்று கொள்ளக் கூடாது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த அந்த வட்டாரத்தில் இன்று வீட்டு விலை கேட்பதற்கே நெஞ்சுரம் வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்து நாளாயிற்று. ஆனால் கூடிப் பேச வேண்டுமென்றால் தெலாவித் தெருக்களுக்கே வருவார்கள். மாமாக் கடையில் இரவு பத்து மணிக்கு மேல், மூன்றாவது தே தாரேக்கின்போது, யாராவது ஒருவர் “மச்சான், எங்கயாவது போவோம்லா” என்பார். உடனே எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் எத்தனை தலைகள் கடைசி வரை நிலைக்கும் என்பது முன்பணம் கேட்கும் நாளில்தான் தெரியவரும்.

முதல் சிக்கல் எப்போது போவது என்பது. மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. கோலாலம்பூரில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 பாகையை ஒட்டியே நிற்கும். பருவமெல்லாம் கடலுக்குத்தான். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவு விடுதிகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிடும், தியோமானுக்குப் போகும் படகுகளும் குறைந்துவிடும். நீண்ட பள்ளி விடுமுறை நெடுங்காலமாக ஆண்டிறுதியில்தான் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும்போது கிழக்குக் கடலுக்கு நேரம் இல்லை. தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் லங்காவிக்கோ அந்த வாடையின் கொடுமை அவ்வளவாக எட்டாது, டிசம்பருக்குப் பிறகு அங்கே வெயில்தான். ஆகவே எத்தனை வாக்கெடுப்பு நடத்தினாலும் முடிவு லங்காவியாகவே இருக்கும். வாக்கெடுப்பு நடத்தியவருக்கு மட்டும் அது தன் சாதனை என்ற எண்ணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தீவுகளுக்குப் பஞ்சமில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறினால் அரை மணி, முக்கால் மணியில் கெத்தாம் தீவு வந்துவிடும். சேற்றில் கால் ஊன்றிய வீடுகள், கார் நுழைய முடியாத ஒடுக்கப் பாதைகள், ஹொக்கியனும் தியோச்சுவும் பேசும் மீனவக் குடும்பங்கள், வயிறு முட்ட நண்டு. தின்னலாமே தவிர, குளிக்க முடியாது. கேரித் தீவுக்குப் பாலமே போட்டிருக்கிறார்கள். செம்பனைக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டு போகிறவருக்குத் தீவில் இருக்கிறோம் என்பதை இன்னொருவர் சொன்னால்தான் உண்டு. பேராக்கின் பங்கோர் தீவு தமிழர்களுக்கு நெருக்கமானது. அங்குள்ள பத்திரகாளியம்மன் கோயில் மாசி மகத்துக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் கூட்டம் திரளும். ஆனால் மாசி மகம் என்றால் அம்மாவும் பெரியம்மாவும் கூடவே கிளம்புவார்கள் என்பதால், அது ‘ரிலாக்ஸ்’ வகையில் சேராது.

கோலாலம்பூரிலிருந்து லங்காவிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். காரில் என்றால் கோலா பெர்லிஸ் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், பிறகு ஒன்றேகால் மணி நேர ஃபெரி. சீக்கிரம் பதிவு செய்தால் விமானக் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை என்பதை யாராவது கணக்குப் போட்டே காட்டுவார். ஆனாலும் “காரில் போனால்தான் ஜாலி” என்றே தீர்மானம் நிறைவேறும். பெட்ரோலும் டோலும் சேர்த்துப் பார்த்தால் ஜாலியின் விலை கொஞ்சம் கூடுதல்தான். சொல்லப்படாத காரணம் வேறு. திரும்பி வரும்போது சாமான் இருக்கும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா, சுங்கை பேராக், குருண் என்று ஓய்விடங்கள் வரிசையாக வரும். ஒருவருக்கு அடிவயிறு முட்டுகிறது என்று வண்டியை நிறுத்தினால் எல்லாரும் இறங்குவார்கள், பழம் வாங்குவார்கள், வறுத்த வாழைக்காய் தின்பார்கள். எல்லாரும் ஏறி வண்டி நெடுஞ்சாலையைத் தொட்ட பிறகுதான், அதுவரை சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு அடிவயிறு முட்டும். அவர் பெரும்பாலும் பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்திருப்பவர்.

பினாங்குத் திருப்பம் கடந்து, குருண் பக்கம் ஜெராய் மலை தலைகாட்டியதும் பயணத்தின் வரலாற்றுப் பகுதி தொடங்கும். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடா என்றால் கடாரம், கடாரம் என்றால் 1025-ஆம் ஆண்டு, 1025 என்றால் ராஜேந்திர சோழன். இதைச் சொல்லாமல் ஒரு தமிழ்க் காரும் அந்த மலையைக் கடந்ததில்லை. மெய்க்கீர்த்தியில் வரும் இலங்காசோகம் லங்காவியேதான் என்று ஒருவர் அடித்துப் பேசுவார். ஆய்வாளர்கள் அதைத் தென் தாய்லாந்தின் பட்டானிப் பக்கம் வைக்கிறார்கள். காரில் ஆய்வாளர் யாரும் இல்லாததால் வாதம் எளிதில் வென்றுவிடும். கப்பற்படையோடு வந்த மன்னன் கடாரத்தை வென்றுவிட்டான், நாம் ஃபெரியைப் பிடிக்க முடியுமா என்று ஓட்டுநர் கேட்கும்போதுதான் எல்லாரும் மணி பார்ப்பார்கள்.

பிடிக்க முடியாது. அடுத்த ஃபெரிக்கு நேரம் கிடக்கும். கோலா பெர்லிஸ் துறையோரம் லக்சாவுக்குப் பேர்போன இடம். மீனை அரைத்துவிட்ட புளிப்புக் குழம்பு, அரிசி மாவு நூடல், மேலே வெள்ளரியும் வெங்காயமும். பிளாஸ்டிக் நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, யாரும் யாரையும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றிய பழைய கதை ஒன்று வரும், எல்லாரும் கேட்ட கதைதான், எல்லாரும் சிரிப்பார்கள். கைப்பேசியை யாரும் தொட மாட்டார்கள். நான்கு நாள் திட்டத்தில் இந்த ஒரு மணி நேரம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஓய்வு என்ற பெயரில் கிளம்பிய பயணத்தில் அசல் ஓய்வு இது ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. குழுவோ இதைத் தாமதம் என்று குறித்துக்கொண்டு, தாமதத்துக்குக் காரணம் நடு இருக்கைக்காரர் என்றும் தீர்மானிக்கும்.

தீவுச் சுற்றுக்குப் படகுகள் காலையிலும் மதியத்திலும் புறப்படும். காலைப் படகுக்கு ஒன்பது மணிக்குள் தயாராக வேண்டும் என்பதால், ஓய்வெடுக்க வந்தவர்கள் வேலை நாளைவிடச் சீக்கிரம் எழுந்து குளியலறை வாசலில் வரிசை கட்டுவார்கள். ஆளுக்கொரு மிதவைச் சட்டை தரப்படும். முந்தைய கூட்டத்தின் வியர்வை அதில் இன்னும் காய்ந்திருக்காது. படகின் முன்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒவ்வோர் அலையும் முதுகெலும்பில் கணக்குத் தீர்க்கும். பின்பக்கம் உட்கார்ந்தவர் கடலிலேயே உட்கார்ந்ததாகக் கொள்ளலாம். “பாங், பெலான் பெலான்” என்று மெதுவாகப் போகச் சொல்லிப் படகோட்டியைக் கெஞ்சினால் அவர் புன்னகைப்பார். மதியக் கூட்டம் துறையில் காத்திருப்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

முதல் இறக்கம் தாயாங் பூந்திங். கடலிலிருந்து பார்த்தால் இதன் மலைத்தொடர் மல்லாந்து படுத்த கர்ப்பிணிப் பெண் போலத் தெரியும். தலை எது, வயிறு எது என்பதில் படகில் ஒருமித்த கருத்து எட்டப்பட்டதில்லை. உள்ளே, கடலை ஒட்டி, மெல்லிய சுண்ணாம்புப் பாறைச் சுவர் மட்டும் பிரித்து நிற்க, ஒரு நன்னீர் ஏரி. பழங்காலத்துக் குகை ஒன்றின் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் என்கிறார்கள் நிலவியலாளர்கள். இத்தகைய பாறை அமைப்புகளுக்காகவே 2007-இல் யுனெஸ்கோ லங்காவியை உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக ஏற்றது. ஊர்க்கதை வேறு. இளவரசி ஒருத்தி பிறந்த சில நாளில் இறந்த தன் பிள்ளையை இந்த ஏரியில் இட்டாள் என்றும், அதனால் பிள்ளையில்லாதவர்கள் இதில் குளித்தால் பேறு கிட்டும் என்றும் நம்பிக்கை.

பிள்ளை வரம் கேட்டுத் தீவுக்குப் போய் நீராடுவது தமிழருக்குப் புதிதல்ல. ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்ட பரம்பரை இது. ஆனால் அங்கே சொந்தக்காரர்கள் நடத்தும் விசாரணையை இங்கே நண்பர்கள் நடத்துவார்கள். குழுவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி இருந்தால், ஏரிக்கரைப் படிக்கட்டு முழுக்க அவர்களுக்குக் கிண்டல்தான். மிதவைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கிய அந்த இருவரும் நீந்துவதைவிட ஒளிவதில் கவனமாக இருப்பார்கள். கல்யாணமே ஆகாதவர், தனக்குத் தேவையில்லை என்று கரையில் உட்கார்ந்து ஏரித் தண்ணீரில் காலைக்கூட நனைக்காமல் எச்சரிக்கையாக இருப்பார்.

இரண்டாவது நிறுத்தத்தில் யாரும் இறங்குவதில்லை. சிங்கா பெசார் தீவோரம் படகுகள் எஞ்சினைத் தணித்து நிற்கும். சுற்றி வட்டமிடும் செம்பருந்துகள் தண்ணீரைக் காலால் தொட்டு, மிதப்பதைக் கவ்விக்கொண்டு மேலேறி, பறந்தபடியே தின்னும். மிதப்பது கோழித்தோல். படகோட்டிகள் வாரி இறைப்பது. பருந்துகளின் உடம்புக்கும் இயல்புக்கும் இது கெடுதல் என்று இயற்கை ஆர்வலர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அது நியாயமான கண்டனம்தான்.

தமிழ்ப் படகில் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமாக வருவது சாதாரணப் பறவையல்ல, சாட்சாத் கருடன். ஊரில் கோபுரத்துக்கு மேலே ஒன்று வட்டமிட்டாலே கும்பாபிஷேகம் நிறைவேறியது என்று மெய்சிலிர்ப்பவர்கள், இங்கே ஒரே நேரத்தில் ஒரு கூட்டத்தையே பார்க்கிறார்கள். கை தானாகக் கன்னத்துக்குப் போகும். மழை மாதச் சலுகை விலைக்காகப் புரட்டாசியில் வந்த குழுவாக இருந்து, அன்றைக்குச் சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெருமாளுக்காக மாதம் முழுக்கச் சைவம் காக்கும் பக்தர், பெருமாளின் வாகனம் கோழித்தோலை அள்ளிக்கொண்டு போவதைக் கன்னத்தில் போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பார். “அது விரதம் இருக்கணும்னு எங்கயும் எழுதல” என்று பக்கத்து இருக்கை ஆறுதல் சொல்லும்.

கடைசித் தீவு பெராஸ் பாசா. வெண்மணல், பச்சைத் தண்ணீர், விளம்பரத்தில் இருப்பது போலவே மரநிழல். நிழலில் குரங்குகள். நீண்ட வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்பது பாடமாகிவிட்டது. அதனால் பையைக் காட்டாதீர்கள் என்று படகோட்டி இறங்குமுன்பே எச்சரிப்பார். எச்சரிக்கை காதில் விழுந்தவர்கள் நாசி லெமாக் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நடப்பார்கள். விழாதவர் ட்விஸ்டிஸ் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே போவார். குரங்கு அவசரப்படாது. அருகே வந்து உட்கார்ந்து, ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையின் அடிப்பக்கத்தைப் பற்றி ஓர் இழுப்பு. பிறகு எதிரிலேயே குந்தி, பையின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும். பறிகொடுத்தவரைப் பார்த்துக்கொண்டே தின்னும் என்பதுதான் பொறுக்க முடியாதது. இதைப் படம் எடுத்த நண்பர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், விரட்டியவர் ஒருவரும் இருக்க மாட்டார். கடலில் கால் வைக்கும்போது படகோட்டி கையசைப்பார். நேரம் முடிந்தது.

மிச்ச நாள்கள் லங்காவியின் குவா நகரத்துக்கு உரியவை. 1987 முதல் லங்காவி தீர்வையற்ற தீவு. சாக்லெட்டும் மதுவும் மலிவு என்பது வெளியூரார் அறிந்தது. உள்ளூர்க் குடும்பங்கள் அறிந்தது கண்ணாடிச் சட்டியும் கோரெல் தட்டும். “அம்மாவுக்கு ஒரு செட்டு மட்டும்” என்று கடைக்குள் நுழைந்தவரின் கைப்பேசியில் அத்தையும் சித்தியும் அடுத்தடுத்து வருவார்கள், பூப்போட்டதா, கோடு போட்டதா என்று கேட்டுத் தெளிவார்கள். தீர்வையில்லாமல் பொருளை வெளியே கொண்டுபோகத் தீவில் குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும், மது ஆளுக்கு ஒரு லிட்டர்தான் என்பது சுங்கவிதி. விரதக்காரரின் பங்கு ஒரு லிட்டர் யாருக்கு என்ற பேச்சுவார்த்தை ஃபெரித்துறை வரை நீளும்.

கணக்குத் தீர்ப்பது காரில். விடுதி, படகு, பெட்ரோல், டோல் எல்லாவற்றையும் தலைக்கு வகுத்தால் வரும் தொகை யாருக்கும் பொருந்தாது. ஒருவர் படகில் வரவில்லை, ஒருவர் லக்சா தின்னவில்லை, இன்னொருவரின் ட்விஸ்டிஸைக் குரங்கு தின்றது. ஈப்போ வருவதற்குள் சிலர் பணத்தைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடுவார்கள். சிலர் “வீட்டுக்குப் போய் போடுறேன்டா” என்பார்கள். அந்தத் தொகை அடுத்த பயணத்தின் முன்பணத்தில் கழிக்கப்படுவது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பங்சார் வந்து சேர்வது திட்டமிட்டவரின் கடைசிப் பிழை. அன்றைக்குத் தெலாவியில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை. காரை எங்கோ கண்காணாத தூரத்தில் விட்டுவிட்டு, கோரெல் பெட்டிகளைத் தோளிலும் இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைகளுக்கும் ஆப்பாம் பாலிக் கடைக்கும் நடுவே குழு நகரும். வழியில் இரண்டு பேராவது தடுத்து நிறுத்தி, தட்டு என்ன விலை என்று கேட்பார்கள்.