ஐந்து கட்டையில் ஒரு ஹெரால்டு

மற்ற கார்களுக்கு பானெட்டைத் திறந்தால் இன்ஜின் தெரியும். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் வண்டியின் முகம் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து எழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். 1961 முதல் இங்கே வண்டலூர் பக்கம் தயாரித்தார்கள். மெக்கானிக்குக்கு வசதியாக இருக்கும் என்று மனிதர் நினைத்திருப்பார். வழியோடு போகிறவர்களுக்கும் வசதி என்பது நங்கநல்லூரில் ஹெரால்டு வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். பானெட்டைத் தூக்க வேண்டியதுதான், பால் வாங்க வந்தவர் நின்றுவிடுவார். "டைமிங் அவுட் சார்" என்பார். இன்ஜின் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவருக்குச் சோழவரம் ரேஸ் பித்து. 948 சி.சி. இன்ஜினின் ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றியிருந்தார். இருந்த ஒரு கார்புரேட்டர் போய் எஸ்.யு. இரண்டு வந்திருந்தது. கேம்ஷாஃப்ட்டை லேத்துக்காரரிடம் கொடுத்துத் தேய்த்து, டிஸ்ட்ரிபியூட்டரையும் வேறேதோ வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டியிருந்தார். ஆக, கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் டிகிரி வேறு யாருடைய இன்ஜினுக்கோ. விற்கும்போது ஆர்.பி.எம். மீட்டரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார், ஞாபகார்த்தமாம்.

டைமிங்கில் மர்மம் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு மணிப் பந்திக்குப் பத்து மணிக்கே அடுப்பு மூட்டுகிறோம் அல்லவா? பிளக்கில் பொறி விழுந்து பெட்ரோல் முழுக்க எரிய ஏறக்குறைய 2 மில்லி செகண்ட் ஆகும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பற்ற வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 10 டிகிரிகூடத் திரும்பாது. 3000 சுற்றில் 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடக் கூட முந்திக்கொள்வதற்காகவே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் போட்ட இரண்டு எடைகள் விரிகின்றன. ரொம்ப முந்தினால் நாக்கிங், பிந்தினால் இன்ஜின் சூடாகி வண்டி இழுக்காது. சொல்ல இவ்வளவுதான்.

எங்கள் மேஸ்திரி காதால் வைப்பவர். டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணிக் கையால் லேசாகத் திருப்பி, கண்ணை மூடி, "இப்பக் கேளுங்க சார், பாடுது" என்பார். ஐடிலில் அது பாடத்தான் செய்யும். ஆனால் தேய்த்த கேம் போட்ட இன்ஜின் ஐடிலில் ஒரு நிலையில் நிற்காது. டைமிங் லைட் அடித்தால் புல்லியின் குறி அங்குமிங்கும் ஆடும். இதற்கெல்லாம் மொத்த அட்வான்ஸைப் பார்ப்பதுதான் முறை. முதலில் சி.பி. பாயிண்ட்டை 15 தௌவுக்கு வைக்க வேண்டும், அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எடைகள் முழுக்க விரியும் வேகத்தில் இன்ஜினைப் பிடித்து வைத்துக் குறியைப் பார்க்கலாம். எங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அது 3000 சுற்று. மீட்டர் இல்லாமல் 3000-ஐ யார் பிடிப்பது? பால் வாங்க வந்தவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முன்வந்தார். மிதித்த மிதியில் எதிர்வீட்டு நாய் இடம் மாறியது.

என் மனைவி பாட்டு டீச்சர். மாடியில் வர்ணம் நடந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து, "ஏங்க, நீங்க சொல்ற வேகத்துல இது செகண்டுக்கு எத்தனை தடவை வெடிக்கும்?" என்றாள்.

நாலு சிலிண்டர், சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. "நூறு."

"கிட்டத்தட்ட என் சுருதிதான், கீழ் ஸ்தாயியில" என்று சொல்லிவிட்டு சுருதிப் பெட்டியை டாஷ்போர்டில் வைத்து, சீட்டில் சம்மணமிட முடியாத குறையோடு உட்கார்ந்தாள். அவள் சுருதி ஐந்து கட்டை; அதன் கீழ் ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். சுற்றுக் கணக்கில் 2940. இதைவிட நெருக்கமாகக் காட்டும் மீட்டர் கடையில் கிடைக்குமா என்பது சந்தேகம். இன்ஜின் மெல்ல ஏறி, பெட்டியோடு உரசி, அலை அலையாக அதிர்ந்து, சட்டென்று ஒட்டிக்கொண்டது. டைமிங் லைட்டின் வெட்டொளியில், 32 டிகிரிக்கு நான் போட்டிருந்த வெள்ளைப் பெயின்ட் கோடு அடங்கி நின்றது. மேஸ்திரி கிளாம்ப் போல்ட்டை முடுக்கினார். பால் வாங்க வந்தவர்கூட வாய் திறக்கவில்லை.

நாக்கிங்கைக் கேட்க லோடு வேண்டும். பரங்கிமலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தேன். பாதி ஏற்றத்தில் பின்சீட்டிலிருந்து, "கிணிகிணின்னு என்னமோ உள்ள வருது, தாளத்துல இல்ல" என்று குரல் வந்தது. என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரிக்கும் கேட்கவில்லை, ஆனால் தலையாட்டினார். அங்கேயே ஓரங்கட்டி 2 டிகிரி பின்னுக்கு வைத்தோம். மறுபடி ஏறியதில் பின்சீட்டில் மௌனம், வண்டியும் இழுத்தது.

இறங்கும்போது மேஸ்திரி வெகு நேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ஒரு ஃபியட் வருது சார். அம்மாவுக்கு அன்னிக்குக் கிளாஸ் இருக்கா?"