கையெழுத்து வயசு

என் பிறந்தநாள் ஜூன் 1. ஐப்பசி அடைமழையில், தாமிரபரணி கரை புரண்டு ஓடிய ஒரு ராத்திரியில் நான் பிறந்ததாக அம்மா சொல்வாள். இரண்டுமே உண்மைதான். முதலாவதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார்.

1981-இல் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனார்கள். பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே எழவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் காதை எட்டியதோ, நான் தலையைச் சாய்த்துக் காதை விரலிடம் கொண்டு போனேனோ, “சேத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே? 1-6-1976 என்று எழுதினார். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கும் அதே தேதிதான். இன்று நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில், என் வயதையொட்டியவர்களில் பாதிப் பேர் மே கடைசிக்கும் ஜூன் முதலுக்கும் இடையில் பிறந்திருக்கிறோம். ஊருக்கு ஊர் ஒரு பெரிய வாத்தியார் இருந்திருக்கிறார்.

அவர் கூட்டிக் கொடுத்த அந்த ஐந்து மாதத்தை அரசாங்கம் கழித்துக்கொள்ளப் போகிறது. அறுபதில் ஓய்வு. அதிலும் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தின மாதக் கடைசி நாளிலேயே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. ஆக 2036 மே 31 சாயங்காலம் எனக்கு மாலை போடுவார்கள். ஐப்பசிப் பிள்ளையாகவே இருந்திருந்தால் தீபாவளி முன்பணமும் வாங்கிவிட்டுப் போயிருப்பேன்.

அம்மாவின் கதை இன்னும் விசேஷம். அவளுக்கு வருஷமே உத்தேசக் கணக்கு. ஆதார் எடுக்க வந்த பையன் “வயசு என்ன ஆச்சி?” என்று கேட்டிருக்கிறான். “நீயே பாத்துப் போடுய்யா” என்றிருக்கிறாள். பார்த்துத்தான் போட்டிருக்கிறான்: 1-1-1958. அன்றிலிருந்து உலகமே பட்டாசு வெடித்துக் கொண்டாடுவது அவளுடைய பிறந்தநாளை.

இப்படிப்பட்ட பரம்பரையில் 2007 ஆவணியில் வந்து பிறந்தாள் என் மகள். காலை 6 மணி 42 நிமிடம். ஆஸ்பத்திரிச் சுவர்க்கடிகாரத்தை நம்பாமல் என் தம்பியை வாசலில் நிறுத்தி, அவன் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க வைத்தவள், தன் பிறந்த வருஷத்தையே அடுத்தவன் கையில் விட்ட அதே அம்மாதான். ஜாதகத்துக்கு நிமிடம் பிசகக் கூடாதாம். அதனால் எங்கள் குடும்பத்திலேயே வயது விஷயத்தில் யாராலும் பேரம் பேச முடியாத முதல் ஆள் இவள்.

பேசிப் பார்க்காமல் இல்லை. இவளுக்கு மூன்று முடிந்து நாலும் நெருங்கிய சமயம். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். அப்போது மூன்று வயது வரைதான் இலவசம், அதற்கு மேல் அரை டிக்கெட். கண்டக்டர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா சட்டென்று அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “மூணு முடியலைய்யா, ஆளுதான் வளத்தி” என்றாள். மடியிலிருந்து தெளிவான குரல் வந்தது. “எனக்கு மூணே முக்கால்!”

முக்கால் என்ற கணக்கை அந்த வாரம்தான் கற்றிருந்தாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் ஒன்றும் பேசாமல் அரை டிக்கெட்டைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். அம்மா டவுன் ஆர்ச் வரும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. காந்திமதி அம்மன் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதுகூட, “இவ பேருக்குப் பண்ணுங்க சாமி, வாய் கொஞ்சம் குறையட்டும்” என்றாள்.

2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்றாகிவிட்டது. மூன்று தலைமுறையும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, காசில்லாத மூன்று டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோம். அம்மாவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. “சும்மா ஏறி இறங்குததுல என்ன இருக்கு? கண்டக்டர் நம்ம மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கான்” என்கிறாள். இத்தனை சலுகையும் கிடைத்த பிறகு, மகளுக்கு பஸ்ஸே வேண்டாமாம். ஸ்கூட்டர் வேண்டும். பதினெட்டு பிறந்ததும் எல்எல்ஆர் போட என்னென்ன வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்துவிட்டாள். பெற்றோர் சம்மதம் என்றொரு வரி இருக்குமே, அதில் கையெழுத்துப் போடும் சாக்கில் நாலு புத்திமதி சொல்லலாம் என்று நானும் காத்திருந்தேன். அந்த வரி பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்காம்.

பிறந்தநாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேக். நான் படித்த காலத்தில் பிறந்தநாள் என்றால் யூனிஃபார்முக்கு விடுமுறை, கலர் டிரஸ், டீச்சருக்கு இரண்டு மிட்டாய், பிள்ளைகளுக்கு ஒன்று. அதுவும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. எனக்கு ஜூன் 1 என்பதால் அந்தச் சிக்கலே இல்லை, பள்ளிக்கூடம் திறந்திருக்காது. மகளுடைய சிநேகிதிகள் வீடியோ காலில் வரிசையாக வந்தார்கள். அம்மா தூக்கக் கலக்கத்தோடு, மெழுகுவர்த்தி ஊதி அணைக்கப்படுவதைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கேக்குக்கு மட்டும் கையை நீட்டினாள். அவளைப் பொறுத்தவரை இது ரிகர்சல். நிஜப் பிறந்தநாள் ஆவணி அனுஷத்தன்றுதான். அன்று பால் பாயசம்.

கேக்கைத் தின்றுகொண்டே, “இவ வயசுல நீ என் இடுப்புல இருந்த” என்றாள்.

சொல்லப்போனால் அது குறைத்துச் சொன்னது. பதினாறில் கல்யாணம், பதினெட்டில் நான். அன்றைய சட்டத்துக்குப் பெண்ணுக்குப் பதினைந்து முடிந்தாலே போதும். பதினெட்டு என்று ஆக்கியது 1978-இல். அப்போது நான் நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். மகள் இதைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “ஆச்சி, உனக்கு ஓட்டுப் போடுத வயசுகூட அப்போ வரலையே” என்றாள். வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆக இறங்கியதே 1989-இல்தான். கல்யாணத்துக்கு வயது ஏறியது, ஓட்டுக்கு இறங்கியது. இரண்டும் பதினெட்டில் வந்து சந்தித்துக்கொண்டன. அம்மா இடுப்பில் பிள்ளையோடு வீட்டை நடத்தியபோது, நாட்டை யார் நடத்துவது என்று சொல்லும் பக்குவம் அவளுக்கு வந்ததாகச் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் முதல் ஓட்டுப் போட்டது 1996 தேர்தலில். எந்தச் சின்னம் என்பதை அப்பா காலை இட்லியோடு சொல்லிவிட்டார். இவள் படிவம் 6 நிரப்பிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் விசாரிப்பதுபோல, “யாருக்குட்டி போடுவ?” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வாக்கு ரகசியமானதும்மா” என்றாள்.

ஆனால் பதினெட்டு என்றால் என்ன என்பது எனக்கு உறைத்த இடம் தபால் ஆபீஸ். 2015-இல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்த கையோடு இவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தேன். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். இவளுக்கு அப்போது ஏழு. அந்த ஆண்டு வட்டி 9.2 சதவீதம், இப்போது 8.2. பதினைந்து வருஷம் கட்ட வேண்டும், இருபத்தோராவது வருஷம் முதிரும். அதாவது 2036. நான் மாலையோடு வீட்டுக்கு வரும் அதே வருஷம் அவளுக்குப் பணம் வரும். இதைத் திட்டமிட்டுச் செய்ததாக அலுவலகத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

நடுவில் பணம் எடுக்க முக்கியமாக இரண்டே வழி. மேற்படிப்பு என்றால் இருப்பில் பாதிவரை எடுக்கலாம். பதினெட்டுக்குப் பிறகு கல்யாணம் என்றால் கணக்கையே முடிக்கலாம். அதுவும் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து, கல்யாணம் முடிந்து மூன்று மாதத்துக்குள். மண்டபத்துக்கு எத்தனை மாதம் முன்னாடி முன்பணம் கேட்கிறார்கள் என்று அந்த விதியை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கவுன்டரில் வழக்கம்போல பாஸ் புத்தகத்தை நீட்டி, வழக்கம்போல கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். உள்ளே இருந்த பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பதினெட்டு முடிஞ்சிட்டே. இனிமே நீங்க போடக் கூடாதும்மா” என்றார். “கார்டியன் நான்தானே?” என்றேன். “இருந்தீங்க” என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “நீங்க வாங்க மேடம்” என்று மகளை அழைத்தார்.

மேடம் போனாள். ஆதார், பான் நகல்கள், இரண்டு போட்டோ, புதுப் படிவம். மாதிரிக் கையெழுத்து வேண்டும் என்றதும் தமிழில் போட்டாள். முதல் எழுத்தாக என் பெயரின் எழுத்து ஒன்று, அவள் அப்பாவின் எழுத்து ஒன்று, பிறகு அவள் பெயர். ஒன்றுபோலவே இன்னொன்று. எங்கேயோ உட்கார்ந்து பழகியிருக்கிறாள். இத்தனை வருஷமாக அவளுடைய ரேங்க் கார்டு, டூர் சம்மதக் கடிதம், ஊசி அட்டை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவளுக்கு அங்கே வேலை இல்லாததால், சுவரில் ஒட்டியிருந்த வட்டி விகிதப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் பாஸ் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். “பத்திரம்ட்டி, பீரோவுல வைக்கணும்” என்றேன்.

“கணக்கு என் பேர்லதானம்மா இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்.”

“அப்போ இந்த வருஷம் கட்ட வேண்டியது?”

“அது 2030 வரைக்கும் கட்டணும்மா” என்றாள் மேடம். “நீ கட்டு.”